நியூயார்க்கில் பிக் பேண்ட் ஜாஸ் கேட்கப் போகிறீர்களா? என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகள் ஜெர்சி சிட்டியில் இருக்கிறாள். அவள் வீட்டில் தங்கும் மாதங்களில், திங்கட்கிழமை இரவு என்றால் நான் வில்லேஜ் வேன்கார்டு என்னும் ஜாஸ் கிளப்பில் இருப்பேன். ஊர் திரும்பியதும், பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா கிளம்பும் உறவினர்களும் பழைய அலுவலக நண்பர்களும் என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். தொலைபேசியில் சொல்லிச் சொல்லி மனப்பாடமாகிவிட்ட பதில்களை, அவர்கள் கேட்ட வார்த்தைகளோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

பிக் பேண்ட் என்றால் என்ன? கல்யாண ஊர்வலத்தில் வாசிக்கும் பேண்ட் வாத்தியம் போலவா?

வாத்தியங்களில் கொஞ்சம் உறவு உண்டு, இசை வேறு. வழக்கமான அமைப்பு இது: ஐந்து சாக்ஸபோன், நான்கு ட்ரம்பெட், நான்கு ட்ராம்போன். இந்தப் பதின்மூன்று ஊதுவாத்தியங்களையும் தாங்கிப் பிடிக்க பியானோ, டபுள் பாஸ், டிரம்ஸ். மொத்தம் பதினாறு பேர். சில குழுக்களில் கிட்டாரும் சேர்ந்து பதினேழு ஆகும். மேடையில் சாக்ஸபோன்கள் முன்வரிசை, ட்ராம்போன்கள் நடுவரிசை, ட்ரம்பெட்டுகள் பின்வரிசை.

ஒவ்வொரு வரிசையும் ஒரே வாய் பேசுவதுபோல் சேர்ந்து வாசிக்கும். ஒரு வரிசை கேள்வி கேட்கும், இன்னொன்று பதில் சொல்லும், மூன்றாவது இடையில் புகுந்து மறுக்கும். இந்தப் பேச்சைப் பின்தொடரத் தெரிந்துவிட்டால் பாதி இசை உங்கள் கையில்.

ஜாஸ் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. போனால் புரியுமா?

புரியும். முதல் தடவை நானும் ஒன்றும் தெரியாமல்தான் போனேன். மருமகன் டிக்கெட் வாங்கிக் கொடுத்துவிட்டார், மறுக்க மனமில்லாமல் போய் உட்கார்ந்தேன். விளக்கு மங்கியது. ஒருவர் விரலைச் சொடுக்கி எண்ணினார். அடுத்த கணம், வாசிப்பதற்கு முன்னால், பதின்மூன்று பேர் ஒன்றாக மூச்சை உள்ளே இழுக்கும் ஓசை எனக்குக் கேட்டது. அதன் பிறகு வந்த ஒலியைவிட அந்த மூச்சுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. இத்தனை பெரிய இசை மனித நுரையீரலிலிருந்து வருகிறது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

முன்தயாரிப்பு வேண்டும் என்றால், கவுன்ட் பேசி, டியூக் எலிங்டன் இருவரின் குழுப் பதிவுகளில் ஆளுக்கு ஒரு மணி நேரம் கேட்டுவிட்டுப் போங்கள். அதற்கு மேல் படிக்க வேண்டாம். படித்துவிட்டுப் போகிறவர்கள் படித்ததையே தேடிக்கொண்டிருப்பார்கள்.

நியூயார்க்கில் எத்தனையோ கிளப்புகள் இருக்கின்றன. ஒன்றே ஒன்று சொல்லுங்கள், எங்கே போகலாம்?

வில்லேஜ் வேன்கார்டு, திங்கட்கிழமை இரவு, வேன்கார்டு ஜாஸ் ஆர்க்கெஸ்ட்ரா. கிரீனிச் வில்லேஜில் செவன்த் அவென்யூ சவுத், 178-ஆம் எண். சிவப்புக் கதவு, மேலே பெயர்ப்பலகை, உள்ளே செங்குத்தாகக் கீழிறங்கும் படிகள், அடியில் ஆப்பு வடிவத்தில் ஒரு நிலவறை. மொத்தம் 123 பேர்தான் உட்கார முடியும்.

மேக்ஸ் கார்டன் என்பவர் 1935-இல் தொடங்கிய இடம். முதலில் கவிதை வாசிப்பு, நகைச்சுவை, நாட்டுப்பாடல் எல்லாம் நடந்திருக்கின்றன. 1957-இலிருந்து முழுக்க ஜாஸ். அதே ஆண்டு சோனி ராலின்ஸும், 1961-இல் பில் எவன்ஸும் ஜான் கோல்ட்ரேனும் இங்கே செய்த நேரடிப் பதிவுகளை உலகம் முழுவதும் இன்றும் கேட்கிறார்கள். மேக்ஸ் 1989-இல் மறைந்தபின் அவர் மனைவி லொரைன் 2018-இல் தாம் மறையும்வரை நடத்தினார். பிறகு மகள் டெபரா.

ஏன் குறிப்பாகத் திங்கட்கிழமை?

இந்தக் குழு பிறந்த கதையே அதுதான். கவுன்ட் பேசியின் குழுவில் 1954 முதல் 1963 வரை ட்ரம்பெட் வாசித்தவர் தாட் ஜோன்ஸ். பியானோ மேதை ஹாங்க் ஜோன்ஸ் அவருக்கு அண்ணன், கோல்ட்ரேனோடு டிரம்ஸ் வாசித்த எல்வின் ஜோன்ஸ் தம்பி. பேசிக்காக தாட் எழுதிக் கொடுத்த சில இசைக்கோவைகள் அந்தக் குழுவின் போக்குக்கு ஒத்துவரவில்லை என்று திரும்பி வந்துவிட்டன. அவற்றை வாசிக்க ஆள் வேண்டும். டிரம்ஸ் கலைஞர் மெல் லூயிஸோடு சேர்ந்து அவர் ஆள் திரட்டினார்.

வந்தவர்கள் பெரும்பாலும் பகலில் ஒலிப்பதிவுக் கூடங்களில் விளம்பரத்துக்கும் தொலைக்காட்சிக்கும் வாசித்துப் பிழைத்தவர்கள். மனதுக்குப் பிடித்ததை வாசிக்க அவர்களுக்கு ஓர் இரவு தேவைப்பட்டது. திங்கட்கிழமை கிளப்புகளுக்கு ஓய்வுநாள், கலைஞர்களுக்கும் வேலை குறைவு. மேக்ஸ் கார்டன் இடம் கொடுத்தார். 1966 பிப்ரவரி 7, திங்கட்கிழமை, முதல் கச்சேரி. 1979-இல் தாட் டென்மார்க்குக்குப் போய்விட்டார். மெல் லூயிஸ் 1990-இல் தாம் இறக்கும்வரை குழுவை நடத்தினார். அதன்பின் கலைஞர்களே கலையாமல் சேர்ந்து நின்று, கிளப்பின் பெயரையே குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள். தலைவர்கள் இருவரும் போன பிறகும் ஒரு குழு அதே கிழமையில் அதே நிலவறையில் கூடுகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

டிக்கெட் எப்படி வாங்குவது? எவ்வளவு ஆகும்?

கிளப்பின் இணையதளத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். ஓர் இரவில் இரண்டு கச்சேரி, அதை ‘செட்’ என்பார்கள்: எட்டு மணிக்கு ஒன்று, பத்து மணிக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி டிக்கெட். சமீப ஆண்டுகளில் நபருக்கு 40 டாலர் அளவில் இருந்தது. வாங்கும் அன்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஒவ்வொருவரும் குறைந்தது ஒரு பானமாவது வாங்க வேண்டும்.

பில் வரும்போது பரிமாறியவருக்கு 18 முதல் 20 சதவீதம் வைப்பது அங்கே வழக்கம். அது அவர்கள் சம்பளத்தின் பகுதி, விருப்பப்பட்டால் தரும் இனாமாக நினைக்க வேண்டாம். ஆனால் பில்லைப் படித்துவிட்டுக் கொடுங்கள். நகரத்தின் வேறொரு கிளப்பில் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருப்பதைக் கவனிக்காமல் நான் இரண்டு தடவை கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

நாங்கள் மது அருந்துவதில்லை. சைவம் வேறு. சங்கடமாக இருக்குமா?

ஒரு சங்கடமும் இல்லை. ஆரஞ்சுச் சாறோ சோடாவோ கேட்டால் அந்த ஒரு பானக் கணக்கு முடிந்தது. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வேன்கார்டில் சாப்பாடே கிடையாது, அதனால் சைவமா அசைவமா என்ற கேள்வியும் எழாது. தட்டும் கரண்டியும் உரசும் சத்தம் இல்லாமல் இசை கேட்கக் கிடைப்பது எவ்வளவு பெரிய கொடை என்பது உள்ளே உட்கார்ந்தால் தெரியும்.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். எட்டு மணி செட் என்றால் ஆறு மணிக்கே ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள்.

என்ன உடுத்திக்கொண்டு போவது? புடவை கட்டலாமா?

தாராளமாக. பேன்ட், சட்டை, புடவை, எதுவானாலும் சரி. குளிர்காலக் கோட்டை மடித்து மடியிலோ நாற்காலி முதுகிலோ வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். மேசைகள் சிறியவை, நெருக்கமானவை. பெரிய பையைத் தவிர்த்துவிடுங்கள்.

எந்த இடத்தில் உட்கார்ந்தால் நன்றாகக் கேட்கும்?

இருக்கை எண் கிடையாது. முதலில் வருகிறவர்களுக்கு முதலில் இடம். எட்டு மணி செட்டுக்கு ஏழு மணிக்கு வாசலில் நின்றால் நல்ல இடம் கிடைக்கும். முன் மேசையில் உட்கார்ந்தால் சாக்ஸபோன் சாவிகள் டக் டக் என்று மூடித் திறப்பதுகூடக் கேட்கும். ஆனால் பின்வரிசை ட்ரம்பெட்டுகள் உங்கள் தலைக்கு நேராக நீண்டிருக்கும்.

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது, அறையின் நடுப்பகுதிக்குச் சற்றுப் பின்னால், சுவரோரப் பெஞ்சு. மூன்று வரிசைகளும் அங்கே சமமாக வந்து சேரும். அடுத்த தடவை முன்னால் போங்கள். அது இன்னொரு கச்சேரி.

காது வலிக்குமா? அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, முழங்காலும் சரியில்லை.

இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒலி பெரியதுதான். சின்ன அறையில் எட்டுப் பித்தளை வாத்தியங்கள் உச்சத்துக்குப் போனால் நெஞ்சில் வந்து மோதும். ஆனால் இது கல்யாண மண்டப ஒலிபெருக்கிபோல ஓயாமல் இடிப்பதில்லை. ஒரே பாட்டுக்குள் பேச்சுக்குரல் அளவுக்கு இறங்கி, பிறகு ஏறும். பஞ்சு அடைப்பான் ஒரு ஜோடி கைவசம் இருக்கட்டும்.

முழங்கால்தான் யோசிக்க வேண்டிய விஷயம். படியிறங்கித்தான் ஆக வேண்டும், ஏறித்தான் வெளியே வர வேண்டும், மின்தூக்கி இல்லை. அம்மாவுக்கு அது சிரமம் என்றால் கொலம்பஸ் சர்க்கிளில் இருக்கும் ஜாஸ் அட் லிங்கன் சென்டருக்கு அழைத்துப் போங்கள். 2004-இல் ஜாஸுக்கென்றே கட்டித் திறந்த வளாகம். மின்தூக்கி உண்டு, அரங்க இருக்கை உண்டு. அங்குள்ள ரோஸ் தியேட்டர் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் உட்காரும் அரங்கம். ட்ரம்பெட் கலைஞர் வின்டன் மார்சாலிஸ் வளர்த்தெடுத்த பெரிய குழுவின் வீடு அது. நெருக்கம் குறையும், ஆனால் அம்மா நிம்மதியாகக் கேட்பார். நிம்மதி இல்லாமல் எந்த இசையும் உள்ளே போகாது.

பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே கை தட்டுகிறார்களே, அது மரியாதைக் குறைவு இல்லையா? நாம் தாளம் போடலாமா?

ஒருவர் எழுந்து தனியாக வாசித்து முடித்ததும் தட்டுவதுதான் மரியாதை. கர்நாடகக் கச்சேரியில் ஆலாபனை முடிந்ததும், தனி ஆவர்த்தனம் முடிந்ததும் தட்டுகிறோமே, அதே பழக்கம்தான். தட்டத் தெரியாவிட்டால் பக்கத்து மேசையைப் பாருங்கள்.

தாளம் போடுவதானால் தொடையில், ஓசை எழாமல். நாம் பழக்கத்தால் முதல் எண்ணிக்கையில் தட்டுவோம். இந்த இசையின் நான்கு எண்ணிக்கையில் அழுத்தம் இரண்டிலும் நான்கிலும் விழும். டிரம்ஸ் வாசிப்பவரின் இடது காலைப் பாருங்கள். இரண்டு தட்டுகள் ஒன்றோடொன்று மூடும் ‘சிக்’ ஓசை அந்த இரண்டு இடங்களில்தான் வரும். அதைப் பிடித்துக்கொண்டால் உடம்பு தானாக அசையும்.

எல்லோர் முன்னாலும் நோட்டு இருக்கிறது. பார்த்து வாசிக்கிறார்கள். ஜாஸ் என்றால் மனோதர்மம் என்றல்லவா சொன்னார்கள்?

இரண்டும் உண்டு, அந்தக் கலவையில்தான் பிக் பேண்டின் அழகு. வரிசைகள் சேர்ந்து வாசிப்பது எழுதி வைத்தது. தனி வாசிப்பு அந்த இடத்தில் பிறப்பது. அந்தக் கலைஞரின் தாளில் சுரங்கள் இருக்காது, ஸ்வரக்கூட்டுகளின் (கார்டுகளின்) வரிசை மட்டும் இருக்கும். பன்னிரண்டு அளவுகளோ முப்பத்திரண்டு அளவுகளோ (நான்கு எண்ணிக்கை சேர்ந்தது ஓர் அளவு) கொண்ட ஒரு சுற்று திரும்பத் திரும்ப ஓடும். அதன்மேல் அவர் தம் சொந்தப் பேச்சைப் பேசுவார்.

இப்போது முதல் பதிலில் சொன்ன வரிசைப் பேச்சுக்குத் திரும்புங்கள். தனியாக வாசிப்பவருக்குப் பின்னால் ட்ராம்போன்கள் மெல்ல ஒரு சொற்றொடர் போடும். எழுதி வைத்த அந்தச் சொற்றொடர் அவரை உந்தும், அவர் அதற்குப் பதில் சொல்வார். பதினைந்து பேர் ஒருவரைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பது போலிருக்கும். கடைசியில் எல்லோரும் சேர்ந்து உச்சத்துக்கு எழுப்பும் பகுதிக்கு ‘ஷௌட் கோரஸ்’ என்று பெயர். அதற்குச் சற்று முன்னால், இரண்டாவது பதிலில் சொன்ன அந்த மூச்சு மறுபடி வரும். காத்திருந்து கேளுங்கள்.

நடத்துநர் யாரும் நிற்கவில்லையே? எல்லோரும் எப்படி ஒன்றாக நிறுத்துகிறார்கள்?

தாட் ஜோன்ஸ் காலத்தில் அவரே முன்னால் நின்று கைகளால் நடத்துவார். இன்னொரு சுற்று போகலாம், பின்னணி வேண்டாம் என்று அந்தக் கணத்தில் தோன்றுவதை விரலால் காட்டி, எழுதிய இசையையே மாற்றிவிடுவார்.

பொதுவாகப் பொறுப்பு மூவரிடம் இருக்கும். முதல் ட்ரம்பெட் எந்தச் சுரத்தை எவ்வளவு நீட்டி எங்கே வெட்டுகிறாரோ அதையே முழுக்குழுவும் பின்பற்றும். முன்வரிசையில் முதல் ஆல்டோ சாக்ஸபோன் தன் வரிசையை நடத்தும். டிரம்ஸ் வரப்போகும் இடத்தை முன்னதாகவே அடித்துச் சொல்லிவிடும். இத்தனைக்கும் மெல் லூயிஸ் சத்தமாக வாசிக்காதவர் என்றே பெயர் எடுத்தவர். சின்னக் குழுவுக்கு வாசிப்பதுபோல் காதால் வாசித்துப் பெரிய குழுவை ஓட்டினார்.

ட்ரம்பெட் வாயில் எதையோ வைத்து மூடுகிறார்களே, அது என்ன?

ஒலியின் நிறத்தை மாற்றும் மூடிகள். உலோகத்தில் ஒன்று, அட்டையிலோ நாரிலோ செய்த கிண்ண வடிவில் ஒன்று. ரப்பர் கிண்ணம் ஒன்றும் உண்டு. அடைப்பு எடுக்கக் கழிவுத்தொட்டியில் வைத்து அழுத்துகிறோமே, அதே பொருள், பிடியைக் கழற்றிவிட்டு. அதைக் கையால் மூடித் திறந்தால் வாத்தியம் மனிதக் குரலில் முனகும், சிணுங்கும். எலிங்டன் குழு இதை ஒரு கலையாகவே வளர்த்தது. சாக்ஸபோன்காரர்கள் திடீரென்று புல்லாங்குழலையும் கிளாரினெட்டையும் எடுப்பதையும் கவனியுங்கள்.

போட்டோ, வீடியோ எடுக்கலாமா?

கச்சேரி நடக்கும்போது வேன்கார்டில் கூடாது. பேச்சும் கூடாது. கச்சேரிக்கு முன்போ பின்போ வாசலில் நின்று பெயர்ப்பலகையோடு எடுத்துக்கொள்ளுங்கள். என் முதல் இரவில் பழக்கதோஷத்தில் தொலைபேசியைத் தூக்கினேன். பரிமாறும் பெண் மெதுவாகக் குனிந்து தலையசைத்தார். நல்லதுதான் செய்தார். பையில் போட்ட பிறகுதான் நான் பார்க்கத் தொடங்கினேன்.

யூடியூபில் இதெல்லாம் இலவசமாகக் கிடைக்கிறதே, பணம் கொடுத்து எதற்குப் போக வேண்டும்?

பதிவில் எல்லா வாத்தியமும் ஒரே இடத்திலிருந்து வரும். அறையில் இடது மூலையிலிருந்து ஒரு பேச்சும் வலது பின்புறத்திலிருந்து ஒரு பதிலும் வரும். தாழ்ந்த ட்ராம்போன் ஒலிக்கும்போது உங்கள் மேசை அதிரும், கிண்ணத்தில் தண்ணீர் நடுங்கும். அவற்றைப் பதிய முடியாது.

கணக்கும் சொல்கிறேன். 123 இருக்கை, பதினாறு கலைஞர். எட்டுப் பேருக்கும் குறைவானவர்களுக்கு ஒரு கலைஞர் என்ற விகிதம். இப்படி ஒரு குழு லாபத்துக்காக நடக்க முடியாது. அறை நிறைந்தால்தான் நடக்கும். நீங்கள் கொடுக்கும் டிக்கெட் பணம் அடுத்த திங்கட்கிழமைக்கான பங்கு.

இது பழைய காலத்து வெள்ளைக்காரர்களின் நடன இசைதானே?

நடன இசையாக இருந்தது உண்மை. 1930-களிலும் 40-களின் முற்பாதியிலும் அமெரிக்கா முழுவதும் இதற்கு ஆடியது. ஆனால் இதைப் படைத்தவர்கள் கறுப்பினக் கலைஞர்கள். கறுப்பினத்தவரான ஃபிளெட்சர் ஹெண்டர்சன் எழுதிய கோவைகளை வாசித்துத்தான் வெள்ளையரான பென்னி குட்மன் பெரும்புகழ் பெற்றார். எலிங்டன் 1927 இறுதியில் சேர்ந்த ஹார்லெமின் காட்டன் கிளப்பில் மேடையில் கறுப்பினக் கலைஞர்கள். பார்வையாளர்களாக வெள்ளையர்களுக்கு மட்டுமே அனுமதி. இதை மறந்துவிட்டு இந்த இசையைக் கேட்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பின்னணியில், 1966-இல் கறுப்பினத்தவரான தாட் ஜோன்ஸும் வெள்ளையரான மெல் லூயிஸும் சமமாகத் தங்கள் இரு பெயரையும் வைத்துக் குழு தொடங்கியதன் கனம் தெரியும்.

பழையதும் இல்லை. போருக்குப் பின் செலவு தாங்காமல் 1946 முடிவில் பல பெரிய குழுக்கள் கலைந்தன. தாட் ஜோன்ஸ் எழுதியது உட்கார்ந்து கேட்பதற்கான இசை. அவருக்குப் பின் பாப் ப்ரூக்மேயர், ஜிம் மக்நீலி போன்றவர்கள் எழுதிச் சேர்த்துக்கொண்டே வந்தார்கள். நம் பக்கத்துக்கும் ஒரு கண்ணி உண்டு: 1963-இல் அமெரிக்க அரசு அனுப்பிய பயணத்தில் எலிங்டன் குழு இந்தியாவிலும் கொழும்பிலும் வாசித்தது.

பத்து மணி செட்டுக்குப் போனால் திரும்பி வரப் பயமில்லையா? நாங்கள் நியூ ஜெர்சியில் தங்குகிறோம்.

ஜெர்சி சிட்டி என்றால் கவலை இல்லை. நியூ ஜெர்சியையும் மன்ஹாட்டனையும் இணைக்கும் பாத் ரயில் இரவு முழுவதும் ஓடுகிறது. கிறிஸ்டோபர் தெரு நிலையமோ பதினான்காம் தெரு நிலையமோ நடக்கும் தூரம். இரவு நேர வண்டிகளுக்கு இடைவெளி அதிகம், அவ்வளவுதான். எடிசன் பக்கம் என்றால் பென் ஸ்டேஷன் வரை வந்து, ஒன்றாம் எண் சப்வேயில் பதினான்காம் தெருவில் இறங்குங்கள். திரும்பும்போது கடைசி ரயில் நேரத்தைக் குறித்துவைத்துக்கொண்டு எட்டு மணி செட்டுக்கே போவது நல்லது.

இரவு தங்குமிடம் பக்கத்தில் இருந்தால் பத்து மணி செட்டைத் தேர்ந்தெடுங்கள். கூட்டம் சில நாள் குறைவாக இருக்கும், கலைஞர்களும் சூடேறியிருப்பார்கள்.

எங்களுக்குத் திங்கட்கிழமை வாய்க்கவில்லை. வேறு வழி?

வெள்ளிக்கிழமை மாலையில் பேர்ட்லாண்டில் அந்தக் கிளப்பின் பெயரிலேயே ஒரு பிக் பேண்ட் வாசிப்பது நெடுநாள் வழக்கம். மேற்கு 44-ஆம் தெரு, நாடக அரங்குகளின் பக்கம், சாப்பாடும் உண்டு. ஜாஸ் அட் லிங்கன் சென்டரை முழங்கால் கேள்வியிலேயே சொல்லிவிட்டேன்.

கச்சேரி முடிந்ததும் கலைஞர்களோடு பேசலாமா? என்ன பேசுவது?

பேசலாம். வேன்கார்டில் மேடைக்கும் மேசைக்கும் நடுவே தடுப்பு எதுவும் கிடையாது. வாத்தியத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே வருகிறவர்களிடம் பேசுவார்கள். பெரிதாக எதுவும் யோசிக்க வேண்டாம். எந்தத் தனி வாசிப்பு பிடித்தது என்று சொல்லுங்கள், போதும்.

ஒருமுறை நான் பாஸ் ட்ராம்போன் வாசித்தவரிடம், நீங்கள் எல்லோரும் சேர்ந்து மூச்சு இழுப்பது எனக்குக் கேட்கிறது என்றேன். அவர் பெட்டியை மூடுவதை நிறுத்திவிட்டு, நடுவரிசை ஆட்களைத் திரும்பிப் பார்த்துக் கூப்பிட்டார். நான் சொன்னதை அவர்களிடம் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.